மலை இறங்கும் வண்டி

பதுளை நகரைக் கண்டவர்கள் அதன் அமைப்பை அறிவார்கள். ஒரு பெரிய கிண்ணத்தின் அடியிலே நகரம் கிடக்கிறது. அக்கிண்ணத்தின் விளிம்பாக நாற்புறமும் மலைகள் நிற்கின்றன. நகரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர். அருகே தலைநிமிர்ந்து நிற்கும் நமுனுகுலை மலையின் உயரமோ 2,036 மீற்றர். ஆதலால் பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போனாலும், பசறைக்கும் லுணுகலைக்கும் போனாலும், துன்ஹிந்த வழியாக மகியங்கனைக்குப் போனாலும், ஏற்றமும் இறக்கமும் இல்லாத வீதி ஒன்றேனும் கிடையாது. ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சமதரை என்பது பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்திலே மட்டும் கண்ட பொருள்.

ஏற்றத்தைக் குறித்து எவரும் அதிகம் அஞ்சுவதில்லை. ஏற்றத்திலே வண்டிக்கு வலு போதாவிட்டால் அது முனகும், இழுக்கும், ஈற்றில் நின்றுவிடும். தன் இயலாமையை அது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. இறக்கத்திலே அப்படியன்று. இறங்கும் வண்டி இலகுவாகவும் இன்பமாகவும் ஓடுகிறது. பிரயாணிகள் பாடுகிறார்கள், சாரதியின் முகத்திலே களைப்பு நீங்குகிறது. அதே வேளையில் சில்லுகளுக்குள்ளே, எவர் கண்ணுக்கும் படாமல், பிரேக்குகள் தம் சக்தியை இழந்துகொண்டிருக்கக்கூடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் அதுதான்.

என் சிறுவயதிலே எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். பசறைப் பக்கத்து மலை அது. மேற்கணக்கிலே நிறுத்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு, கீழே இருந்த தேயிலைத் தொழிற்சாலைக்கு அவர் இறங்கவேண்டும். லொறியின் பின்புறத்திலே தொற்றிக்கொண்டு செல்வது எங்களுக்குப் பெரு விருப்பம். ஆனால் அந்த மனிதர் எங்கள் பொறுமையைச் சோதிப்பார். இறக்கம் தொடங்குமிடத்திலே, வழியில் ஆடு மாடு ஒன்றும் இல்லாதபோதும், வண்டியை அறவே நிறுத்துவார். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்துப் பார்ப்பார். கீழ்க் கியரைப் போட்டுக்கொண்டு, நடக்கும் மனிதனைவிடச் சற்றே விரைவாக, உறுமிக்கொண்டு இறங்குவார். பாதிவழியிலே ஒரு சமதரையில் மீண்டும் நிறுத்தி, கீழே குதித்து, பின்சில்லின் கீழே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, புறங்கையைச் சில்லின் நடுவருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். காய்ச்சற்காரனின் நெற்றியை வைத்தியர் பார்ப்பது போல. அவருக்குப் பயம் அதிகம் என்று நாங்கள் சிரித்ததுண்டு. ஒரு நாள் நான் கேட்டே விட்டேன்: "ஏன் தாத்தா, பிரேக்தான் நல்லா இருக்கே?" அவர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. கீழ போறவரைக்கும் நல்லா இருக்கணுமே!"

பின்னாளில் மோட்டார்ப் பொறி வேலையைக் கற்றுப் பிறருக்கும் கற்பித்த காலத்திலே, அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு பௌதிகம் அடங்கியிருந்தது என்பதை நான் உணர்ந்தேன்.

நேயர்களே, உயரத்திலே நிற்கும் எந்தப் பொருளும் ஒருவகைச் செல்வத்தைத் தன்னிடம் சேமித்து வைத்திருக்கிறது. வண்டி மலையேறும்போது எரிபொருளைச் செலவழித்து அச்செல்வத்தை ஈட்டுகிறது. இறங்கும்போது அது முழுவதையும் செலவழித்தாகவேண்டும். ஒன்றில் அது வேகமாக மாறும். அல்லது வெப்பமாக மாறும். இவ்விரண்டைத் தவிர, சாதாரண மோட்டார் வண்டிக்கு மூன்றாவது வழி இல்லை.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். எல்ல ஊர் ஏறக்குறைய 1,040 மீற்றர் உயரத்திலே இருக்கிறது. இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்து கீழே சென்றால் வருவது வெல்லவாய. அதன் உயரம் சுமார் 200 மீற்றர். இடையே உள்ள வீதி ஏறத்தாழ 27 கிலோமீற்றர். பிரயாணிகளும் சாமான்களும் நிறைந்த 10 தொன் பஸ் ஒன்று இந்த வீதியிலே 800 மீற்றருக்கு மேல் கீழிறங்குகிறது. அப்போது அது கைவிடவேண்டிய சக்தியைக் கணக்கிட்டால், 230 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். தோட்டத்துக் கோவில் திருவிழாவிலே அடுப்பில் ஏற்றும் பெரிய அண்டாக்களை எண்ணிப் பாருங்கள். அந்த அண்டாக்களைக் கொதிக்கவைக்கும் நெருப்பை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்திலே, அந்த பஸ் எங்கேனும் கொட்டியாகவேண்டும்.

அதனைப் பிரேக்கிலே மட்டும் கொட்டினால் என்ன ஆகும்? ஒரு பஸ்ஸின் நான்கு பிரேக் டிரம்களும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சக்தி முழுவதும் அவற்றுள்ளேயே தங்குமாயின், அவற்றின் வெப்பம் 800 பாகைக்கும் மேலே ஏறும். அது இரும்பைச் செந்நிறமாக ஒளிரச் செய்யும் வெப்பம். காற்று வீசிக் குளிர்விப்பதாலே உண்மையில் அவ்வளவு ஏறுவதில்லை என்பது நம் நல்லூழ். ஆயினும் பிரேக் கெடுவதற்கு அதிற் பாதியே போதுமானது.

பிரேக் கெடும் விதம் ஒன்றல்ல. டிரம்மின் உட்புறத்தை உராய்ந்து பிடிக்கும் லைனிங் என்ற பட்டை, அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் தன் பிடிமானத்தை இழக்கிறது. சாரதி எவ்வளவு பலமாக மிதித்தாலும் அது வழுக்குகிறது. டிரம்மோ சூட்டினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது. அதனால் மிதிகட்டை மேலும் மேலும் கீழே போகிறது. பிரேக் ஒயிலினால் இயங்கும் வண்டிகளிலே இன்னொரு வஞ்சகமும் உண்டு. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்று வழங்கும் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரையிலேனும் கொதியாமல் தாங்கவேண்டும் என்பது விதி; ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகைக்கே இறங்கிவிடலாம். சில்லின் சூடு ஒயிலை எட்டி அது கொதித்தால் குழாய்க்குள்ளே ஆவிக்குமிழிகள் தோன்றுகின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். சாரதி மிதிக்கும் மிதியெல்லாம் குமிழியை நெரிப்பதிலேயே போய்விட, சில்லுக்கு ஒன்றும் எட்டுவதில்லை. காற்றழுத்த பிரேக் கொண்ட பெரிய பஸ்களிலே இந்தக் குறை இல்லை. ஆனால் அங்கே சாரதி அச்சத்தால் மிதித்து மிதித்து எடுத்தால், தாங்கியிலே சேர்ந்திருந்த காற்று, கம்பிரசர் நிரப்புவதைவிட விரைவாகத் தீர்ந்துபோகும்.

இவற்றுள் எதுவும் கம்பி அறுந்ததோ குழாய் வெடித்ததோ அன்று என்பதைக் கவனியுங்கள். அப்படியும் நிகழ்வதுண்டு; பராமரிப்பற்ற வண்டிகளிலே அடிக்கடி நிகழ்வதுண்டு. ஆயினும் உடைபாடு ஏதுமில்லாத, அன்று காலையிலே நன்றாகப் பிடித்த பிரேக்கே மாலையில் மலைச்சரிவிலே பிடிக்காமற் போகலாம். விபத்துக்குப்பின் குளிர்ந்துபோன வண்டியைச் சோதிப்பவருக்கு அதே பிரேக் மறுபடியும் நன்றாக இருப்பதாகவே தோன்றலாம். ஆண்டுதோறும் பஸ்களும் லொறிகளும் பெறும் தகுதிச் சான்றிதழ் அவசியமானதே. ஆனால் சமதரையிலே குளிர்ந்த பிரேக்கைச் சோதித்துக் கொடுத்த சான்றிதழ், 800 மீற்றர் இறக்கத்தின் முடிவிலே என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

'பிரேக் பிடிக்கவில்லை' என்று ஒரு செய்தி வந்தவுடன், அது இடி விழுந்தது போன்ற தெய்வச் செயல் என்று நம்மவர் விசாரணையை முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலான வேளைகளில் பிரேக் பிடிக்காமற் போவது மலையின் அடிவாரத்திலேதான். அதற்கான காரணமோ மலையின் உச்சியிலே, சாரதி எந்தக் கியரைத் தேர்ந்தான் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

கியரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கீழ்க் கியரிலே வண்டி இறங்கும்போது சில்லுகள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. அந்தச் சுழற்சிக்கு எஞ்சின் காட்டும் எதிர்ப்பே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. இதிலே பிறக்கும் வெப்பம் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேற்றர் வழியாகவும் வெளியேறுகிறது. வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே அமைந்த உறுப்புகள் அவை. நாள் முழுவதும் அப்பணியைச் செய்தாலும் சலிப்பதில்லை. டீசல் எஞ்சினிலே இந்த எதிர்ப்புக் குறைவு என்பதனால்தான், புகைக்குழாயை இடையிலே மூடி எதிர்ப்பைக் கூட்டும் 'எக்ஸ்ஹோஸ்ட் பிரேக்' என்ற சாதனத்தைப் பெரிய வாகனங்களிலே பொருத்துகிறார்கள். அது பழுதாகி ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் பஸ்களை நான் கண்டிருக்கிறேன். சமவெளியிலே ஓடும் சாரதிக்கு அதன் அருமை தெரிவதில்லை.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிகளின் விதி. அக்காலத்து லொறிகளின் கியர்ப்பெட்டியிலே, வேகம் கூடியபின் கீழ்க் கியருக்கு மாற்றுவது மிகக் கடினம். கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் வேகத்தைச் செவியால் அறிந்து பொருத்தவேண்டும். தவறினால் வண்டி நியூட்ரலிலே அகப்பட்டுக்கொள்ளும். ஆதலால் கியரை உச்சியிலேயே தேர்ந்தாகவேண்டிய கட்டாயம் இருந்தது. அக்கட்டாயமே அவர்களைக் காத்தது. இன்றைய எஞ்சின்கள் வலுமிக்கவை. மூன்றாம் கியரிலே இலகுவாக ஏறிவிடும் வண்டி, அதே மூன்றாம் கியரிலே இறங்கும்போது தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் என்பது நிச்சயமில்லை. ஆகையால் பழைய விதிக்கு ஒரு திருத்தம் வேண்டும்: ஏறிய கியரைவிட ஒன்று குறைவான கியரிலே இறங்குவது நல்லது. பிரேக்கை இடைவிடாது இலேசாக அழுத்திக்கொண்டு வருவதும் தவறு. வேகம் எல்லையைத் தொட்டதும் உறுதியாக மிதித்து, மணிக்கு எட்டுப் பத்துக் கிலோமீற்றர் குறைந்ததும் காலை முழுதாக எடுத்துவிடவேண்டும். அந்த இடைவேளையிலேதான் பிரேக் மூச்சு விடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் நம் நாட்டிலே பரவியிருக்கிறது. இறக்கத்திலே நியூட்ரலில் விட்டு எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணுவது அது. 2022ஆம் ஆண்டில் டீசலுக்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்காக வரிசையிலே நின்ற நினைவு நம் எல்லோருக்கும் உண்டு. ஒரு துளியையும் வீணாக்கக்கூடாது என்ற மனப்பாங்கை நான் குறை கூறவில்லை. ஆனால் கணக்குத் தவறு. இக்காலத்து எஞ்சின்களிலே, கியரில் இருந்தபடி காலை எடுத்துவிட்டு இறங்கும்போது எரிபொருள் அறவே நிறுத்தப்படுகிறது. எஞ்சினைச் சுழற்றுவது மலையே. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும். எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்கும் துணிச்சற்காரர்களைப் பற்றி என்ன சொல்வது! பிரேக்கிற்கு உதவும் வலு போய்விடும், ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியைத் தவறாகத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

கியர் மாற்றும் வேலையே இல்லாத வண்டிகளை வைத்திருக்கும் நேயர்கள் இது தமக்கன்று என்று எண்ணவேண்டாம். அவ்வண்டிகளிலே 'எல்' என்றோ '2' என்றோ ஓரிடம் குறித்திருக்கும். நம் நாட்டிலே மிகுந்துவிட்ட ஹைபிரிட் கார்களிலே 'பி' என்ற எழுத்து இருக்கும். அது எதற்கு என்று அறியாமலே ஆண்டுகள் பல ஓட்டியவர்களை நான் சந்தித்ததுண்டு. இறக்கத்தின் சக்தியை அக்கார்கள் மின்கலத்திலே சேமித்துக்கொள்ளும் என்பது உண்மை. நான் முன்னே இல்லையென்று சொன்ன மூன்றாவது வழி அவற்றுக்கு உண்டு. ஆனால் நீண்ட இறக்கத்திலே மின்கலம் நிறைந்துவிடும். நிறைந்தபின் எஞ்சினின் எதிர்ப்பைத் துணைக்கு அழைப்பதற்கே அந்த எழுத்து.

இவ்விடத்திலே இரயில் பாதையை நினைவூட்ட விரும்புகிறேன். 1924ஆம் ஆண்டிலே பதுளைக்கு இரயில் வந்தது. 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலைப் பகுதியிலிருந்து அது படிப்படியாகக் கீழிறங்குகிறது. அந்தப் பாதையை அமைத்தவர்கள் 44 அடிக்கு ஒரு அடிக்கு மேல் சரிவு இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு அடங்கி வேலை செய்தார்கள். தெமோதரையிலே மலை அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே பாதையை மலையைச் சுற்றி வளைத்து, நிலையத்தின் அடியிலேயே குகைவழியாகப் புகுந்து செல்லும்படி செய்தார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளர் விமலசுரேந்திராவுக்கு இந்த எண்ணம் உதித்தது என்பது செவிவழிக் கதை. கதை மெய்யோ பொய்யோ, சரிவை வெல்லும் வழி பாதையை நீட்டுவதே என்பதைத் தலைப்பாகை அழகாகக் காட்டுகிறது. வீதி அமைத்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. மாடும் வண்டியும் எங்கே ஏறினவோ, பல இடங்களில் அங்கேயே தார் போட்டோம்.

இரயில்வே தன் பாடத்தை இரத்தம் சிந்தியே கற்றது. 1889ஆம் ஆண்டு ஜூன் மாதம் அயர்லாந்தின் ஆர்மா என்ற ஊரருகே, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற இரயில் ஏற்றத்திலே நின்றுவிட்டது. இரண்டு பகுதியாகப் பிரித்து இழுக்க முயன்றபோது, பின்பகுதிப் பெட்டிகள் கழன்று பின்னோக்கி உருண்டன. தொடர்பு அறுந்தவுடன் அப்பெட்டிகளிலே பிரேக்கும் இல்லாமற் போயிற்று. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர், பலர் சிறுவர். அதே ஆண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது: பிரயாணிகள் இரயில் யாவற்றிலும், தொடர்பு அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் பிரேக் இருக்கவேண்டும் என்று. கெட்டுப்போனால் விட்டுவிடும் பிரேக் அன்று, கெட்டுப்போனால் பிடித்துக்கொள்ளும் பிரேக். புதிய பெரிய பஸ்களிலே காற்றழுத்தம் தீர்ந்தால் வில்விசையால் தானே பிடிக்கும் பிரேக் இந்தக் கருத்தின் வழியிலே வந்ததுதான். ஆனால் அதுவும் பிடிப்பது சூடேறிய அதே டிரம்மைத்தான் என்பதை மறக்கலாகாது.

உல்லாசப் பயணம் என்ற சொல்லை நான் காரணத்தோடுதான் குறிப்பிட்டேன். 2023 ஜனவரி 20ஆம் திகதி, அயல் மாவட்டமான நுவரெலியாவிலே, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றிவந்த சுற்றுலா பஸ் ஒன்று இறக்கத்திலே கட்டுப்பாடு இழந்து, வேன் ஒன்றிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. ஏழு பேர் இறந்தனர். இறந்தோர் பஸ்ஸிலே இருந்தவர்கள் அல்லர். அந்த வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தோர். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியிலே, சுற்றுலாவை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபை ஊழியரும் குடும்பத்தினரும் சென்ற பஸ், வேறொரு வாகனத்திலே மோதி, வீதியோரத் தடுப்பையும் உடைத்துப் பள்ளத்திலே வீழ்ந்தது. 15 பேர் உயிரிழந்தனர். அவ்விபத்துகளுக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. ஆனால் கடற்கரை ஊர்களிலிருந்து, மலைவீதியின் பழக்கம் போதாத சாரதிகள், நாள் முழுவதும் ஓட்டிய களைப்போடு, இரவிலே, நிறைந்த பஸ்ஸுடன் நம் மலைகளை இறங்குகிறார்கள் என்பதை ஊவாவில் வாழ்வோர் ஒவ்வொரு விடுமுறையிலும் காண்கிறோம்.

மலையிலிருந்து விழும் வண்டிகள் எல்லாம் பிரேக் கெட்டு விழுவதில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை அருகே பள்ளத்தில் வீழ்ந்து, குறைந்தது 14 பேர் மாண்டபோது, வீதியிலே சரிந்து கிடந்த பாறையும், ஒடுங்கிய வீதியிலே எதிரே வந்த வாகனமுமே பேச்சாக இருந்தன. அந்த பஸ்ஸிலே சென்றோர் உல்லாசப் பயணிகள் அல்லர். தோட்டப்புறத்து மக்களுக்கு எந்த பஸ்ஸிலே ஏறுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. காலையிலே வரும் ஒரே பஸ்ஸைத் தவறவிட்டால் வேலையும் வைத்தியசாலையும் மறுநாளைக்குத்தான்.

நீலகிரியிலே, உதகமண்டலத்திலிருந்து மசினகுடிப் பக்கம் இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பிரேக் கெட்டு வண்டிகள் உருண்டதைக் கண்டு அலுத்த அதிகாரிகள், வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்குவதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். ஏறலாம், இறங்கலாகாது என்பது அதன் சாரம். வேறு பல நாடுகளிலே நீண்ட இறக்கங்களின் ஓரத்திலே, தளர்ந்த சரளைக்கல் நிரப்பிய ஒதுக்குப் பாதைகளை அமைத்திருக்கிறார்கள். பிடி தவறிய லொறி அதற்குள்ளே புகுந்தால் சில்லுகள் புதைந்து நின்றுவிடும். நம் வீதிகளிலே இடம் போதாது என்பார்கள். எல்லா இடத்திலும் போதாதுதான். ஆனால் இறக்கம் தொடங்குமுன், பஸ் ஒன்று ஒதுங்கி நின்று கியரை மாற்றிக்கொள்ள ஒரு சமதரையும், 'இங்கிருந்து இரண்டாம் கியர்' என்று மூன்று மொழியிலும் ஒரு பலகையும் வைப்பதற்கு இடமா இல்லை?

சரி, எல்லாவற்றையும் மீறிப் பிரேக் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது சாரதிக்குக் கிடைப்பது சில விநாடிகள். எஞ்சினை நிறுத்தலாகாது. ஒயில் பிரேக்காயின் மிதிகட்டையை விரைந்து பலமுறை மிதிக்கவேண்டும். சிலவேளை சற்றுப் பிடிமானம் திரும்பும். காற்றுப் பிரேக்காயின் அவ்வாறு மிதித்துக் காற்றை வீணாக்கலாகாது. கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கவேண்டும். நியூட்ரலிலே அகப்படக் கூடாது. கார்களிலே கைப்பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் சிறிது சிறிதாக இழுக்கவேண்டும். ஹோர்னும் விளக்கும் ஓயாது ஒலித்து ஒளிரட்டும். இவையொன்றும் பலிக்காவிடில், பள்ளத்தின் பக்கத்தை விட்டு மலைச்சுவரின் பக்கம் வண்டியைச் சாய்க்கவேண்டும். மண்மேட்டிலே பக்கவாட்டாக உரசினால் தகரம் கிழியும், கண்ணாடி நொறுங்கும், சிலர் காயமுறுவர். மறுபக்கத்திலே நேர்வது அதனோடு ஒப்பிடத் தக்கதன்று. வேகம் மிகுமுன் இந்த முடிவுக்கு வருவதுதான் கடினம். அடுத்த வளைவிலே பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையே அந்தச் சில விநாடிகளையும் தின்றுவிடுகிறது.

பிரயாணிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணக் கூட்டத்தோடு பண்டாரவளையிலிருந்து வெல்லவாயப் பக்கமாக வாடகை பஸ் ஒன்றிலே சென்றேன். பஸ் யாருடையது என்பது இங்கு வேண்டியதில்லை. எல்ல ஊரைக் கடந்து சிறிது தூரம் இறங்கியதும், கருகிய ரப்பரும் எரிந்த துணியும் கலந்தாற்போன்ற ஒரு நாற்றம் வந்தது. லைனிங் கருகும் நாற்றம் அது. ஒருமுறை முகர்ந்தவர் மறப்பதில்லை. பஸ்ஸுக்குள்ளே பாட்டு உச்சத்தில் இருந்தது. நான் முன்னே சென்று, "தம்பி, ஒரு பக்கமா நிப்பாட்டுங்க" என்றேன். இளைஞர். "ஒண்ணுமில்ல ஐயா, முன்னால போற லொறியோட வாசம்" என்றார். முன்னால் எந்த லொறியும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் முகூர்த்தம் தவறிவிடும் என்று என்மீது சினந்தார். நான் இறங்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தபின், மனமில்லாமலே, அகன்ற ஓரிடத்திலே நிறுத்தினார். பின்சில்லுகளிலிருந்து நீலப் புகை எழுந்துகொண்டிருந்தது.

உதவியாளன் ஓடிப்போய் ஒரு வாளி நீரைக் கொண்டுவந்தான். நான் தடுத்தேன், கொதிக்கும் இரும்பிலே குளிர்நீரை ஊற்றினால் டிரம் வெடித்துக் கீறக்கூடும். கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுக் காற்றிலேயே ஆறவிட்டோம். முக்கால் மணி நேரம் சென்றது. அவ்வளவு நேரமும் பெண்கள் வீதியோரத்திலே நின்று என்னையே நோக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையிலே நன்றியைக் காணவில்லை. சாரதி மட்டும் சில்லருகே குந்தியிருந்து, புறங்கையை அதனருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலிலே, "எந்தக் கியர்ல போகணும் ஐயா?" என்று கேட்டார். இரண்டிலே போங்கள் என்றேன். வெல்லவாய வரையிலே எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. பாட்டு ஒருவர் காதிலும் விழவில்லை. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையிலே மண்டபத்தை அடைந்தோம்.